ஆலோசனை அறையின் கதவைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
மா. எழிலரசி, எம்.ஏ., எம்.ஃபில்.,
மருத்துவ உளவியலாளர்,
கடலோர மனநலத் திட்ட மையம்,
கடலூர்.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
கடலோர மனநலத் திட்டம்,
கடலூர்.

பொருள்: விழா மேடைக்குச் சென்ற கதவு திரும்பி வராதது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஆலோசனை அறைக்கு ஒரு மரக்கதவு இருந்தது. சென்ற அக்டோபரில் மனநல நாள் விழாவுக்கு மேசை போதவில்லை என்று மேலாளர் சபாபதி அதைக் கழற்றி, ஸ்டூல்கள் மேல் கிடத்தி, வெள்ளைத் துணி விரித்தார். நோயாளி சொல்வது வெளியே கசியக் கூடாது என்று தாங்கள் அருமையாகப் பேசியது அந்தக் கதவின் மீது கை ஊன்றித்தான். போண்டாவும் அதன் மேல்தான் இருந்தது. விழா முடிந்ததும் கதவு கம்ப்யூட்டர் அறைக்குப் போய்விட்டது. அந்த அறைக் கதவைக் கரையான் அரித்திருந்ததாம்.

2. நான் கேட்டதற்கு, "ஊசி போடறதில்ல, கட்டு கட்டறதில்ல. பேசறதுக்கு எதுக்கு மேடம் கதவு?" என்றார் சபாபதி. ஆகவே என் தகுதியைச் சொல்ல வேண்டியுள்ளது. உளவியலில் முதுகலை முடித்து, மனநல மருத்துவமனை ஒன்றில் பயிற்சி பெற்றவள் நான். அங்கே எனக்குக் கற்றுத் தந்தது பேசுவதை அல்ல. எதிரே இருப்பவர் தானாகப் பேசும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதை. என் வீட்டில் இந்தப் பயிற்சி செல்லுபடியாகவில்லை என்பது வேறு விஷயம்.

3. அறை வாசலில்தான், பக்கத்து மருந்து கவுண்டரில் சுகர் மாத்திரை வாங்கும் வரிசை நிற்கிறது. பெண்ணாடத்திலிருந்து ஒரு சிறுமி, மனவளர்ச்சி குன்றியோருக்கான உதவித்தொகைக்காக அறிவுத்திறன் சோதனைக்கு வந்தாள். வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டேன். வரிசையே "ஏழு!" என்றது. அவள் வண்ணக் கட்டைகளை அடுக்கும்போது ஒருவர் உள்ளேயே வந்து, "செவப்ப அந்தாண்ட வைம்மா, மாமா சொல்றேன்ல" என்றார். அன்று கிடைத்தது அவளுடைய மதிப்பெண் அல்ல, வரிசையின் மதிப்பெண். அதுவும் சுமார்தான். ஆனால் உதவித்தொகை கிடைக்காமல் போக அது போதும். பதில்கள் காதில் விழுந்துவிட்டதால் அதே சோதனையை உடனே மறுபடி வைக்கவும் முடியாது.

4. தேவனாம்பட்டினத்து அம்மா ஒருவர் சுனாமிக்குப் பிறகு தலைவலி என்று சொல்லி மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தார். தலைவலி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். நவம்பரில் ஒருநாள், முந்தானையைத் திருகிக்கொண்டே, அலை வந்த காலையைப் பற்றி முதல் வாக்கியத்தைத் தொடங்கினார். முடிப்பதற்குள் வெளியிலிருந்து, "அதுக்கு நீ இன்னா பண்ணுவ யக்கா, மறந்துடு" என்றார் ஒருவர். "எங்க மச்சானுக்கும் இதே கததான்" என்றார் இன்னொருவர். நல்ல மனிதர்கள்தான். அந்த அம்மா எழுந்து போனவர், பிறகு வரவில்லை. அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். தேவையென்றால் வரிசையில் விசாரித்துக்கொள்ளலாம்.

5. சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். மீன் அரிந்துகொண்டிருந்தவர் நிமிராமலே, "கதவு வந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப போம்மா" என்றார்.

ஆகவே ஐயா, கதவைத் திரும்ப மாட்ட உத்தரவிட வேண்டுகிறேன். கம்ப்யூட்டர்களுக்கு மனதில் எதுவும் இல்லை. பூட்டுள்ள பீரோ அவற்றுக்குப் போதும். அந்த அம்மாவிடம் இன்னும் பாதி வாக்கியம் இருக்கிறது. அவர் அதைச் சொல்லும்போது கேட்க நான் ஒருத்தி மட்டும் இருக்க வேண்டும்.

இடம்: கடலூர்
நாள்: 22.01.2007

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
மா. எழிலரசி