மன்னார்க் கருவாடும் புலி நுளம்பும்

ஓகஸ்ட் 13, புதன்
நுளம்புப் பொறியாக முற்றத்தில் வைத்த கறுப்பு வாளியைத் திறந்தேன். மிதக்கவிட்ட மரத்துண்டில் கறுப்புப் புள்ளிகள்: புலி நுளம்பின் முட்டை. பாரிஸின் லா சப்பல் முழுக்க இப்படி வாளி பார்ப்பது என் வேலை. இந்த முறை நான் குடியிருக்கும் கட்டடத்திலேயே. மேலாளரிடம் சொன்னேன். முட்டை போதாதாம், பக்கத்தில் டெங்கு நோயாளி ஒருவர் இருந்தால்தான் மருந்தடிப்பார்களாம்.

ஓகஸ்ட் 15
மாதா பெருநாள். தாயின் செத்தவீட்டுக்குப் போன கீழ்வீட்டு மடுத்தீன் அண்ணை திரும்பிவிட்டார். "இந்தியாவால வாறன்" என்றபடி வீடு வீடாக மன்னார்க் கருவாடு கொடுத்தார். அகதிக் கார்த், அதாவது பிரான்ஸ் தந்த வதிவிட அட்டை, வைத்திருப்பவர் ஊருக்குப் போனது தெரிந்தால் கார்த் பறிபோகும். ஆகவே கட்டடமே அதை இந்தியக் கருவாடாகப் பொரித்துத் தின்றது.

ஓகஸ்ட் 18
அண்ணைக்குக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் நோ. டெங்குதான், வேறென்ன?
"டொக்டரிட்டைப் போங்கோ அண்ணை."
"எங்கை போனனீங்கள் எண்டுதானே முதல் கேப்பினம்?"
"இந்தியா எண்டு சொல்லுங்கோ."
"பாஸ்போட்டில இலங்கை முத்திரை கிடக்கு, தங்கச்சி. கார்த் போனா நான் எங்கை போறது?"
மேல்மாடியில் தயாளினி நிறைமாதம். முற்றத்தில் நுளம்பு.

ஓகஸ்ட் 19
மேலாளரிடம் அண்ணையின் பெயரைக் கொடுத்துவிட்டேன். நோயைத் தேடுபவர்கள் கார்த்தைத் தேடமாட்டார்கள். எனக்குத் தெரியும். அவருக்கு? வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டேனோ?

ஓகஸ்ட் 20
வந்தார்கள், மருந்தடித்தார்கள், போனார்கள். ஒருவரிடமும் கார்த் கேட்கவில்லை. அண்ணை வீட்டில் இல்லை. விசாரிக்கப் போன் வந்ததுமே காய்ச்சலோடு புறநகர் ஸ்தேனுக்கு, தம்பி வீட்டுக்குப் போய்விட்டாராம். அழைத்தேன், பதில் இல்லை. கோபம் வருகிறது — ஆர் மேலை எண்டு தெரியேல்லை.

ஓகஸ்ட் 29
தயாளினிக்கு ஆண்குழந்தை. இருவரும் சுகம்.

செப்டெம்பர் 9, செவ்வாய்
ஸ்தேனிலிருந்து அறிவித்தல்: டெங்கு. ஆறு வயதுச் சிறுமி. எங்கும் பயணம் செய்யாதவள். முகவரி அண்ணையின் தம்பி வீடு.
அந்த வரியை மறுபடி மறுபடி வாசித்தேன். பெயரைக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவர் இங்கேயே கிடந்திருப்பார். அப்போது தயாளினி?
பின்னேரம், பிள்ளை கிடக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணையே போன் எடுத்தார்.
"எங்கை போனவள், எங்கை போனவள் எண்டு பிள்ளையைப் பற்றியே கேட்டுக்கொண்டு நிண்டவை. நான்தான் மன்னாருக்குப் போட்டு வந்தனான் எண்டு சொல்லிப்போட்டன்."
"என்ன சொன்னவை?"
"காய்ச்சல் எப்ப துவங்கினது எண்டு கேட்டு எழுதினவை. கார்த்தை ஒருத்தரும் கேக்கேல்லை, தங்கச்சி."