ஏமாத்து வெள்ளி

7 அக்டோபர் 1957, திங்கள்

இன்று தொழிற்சாலை டெலிபோன் போர்டில் ஒருவர்கூட வேலை விஷயம் பேசவில்லை. ரஷ்யாக்காரர்கள் வானத்தில் ஏவிவிட்ட உருண்டையைப் பற்றித்தான் பேச்செல்லாம். ஸ்டோர்ஸ் குமாஸ்தா பெயின்ட் செக்‌ஷனைக் கேட்டு வாங்கி, பெயின்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "அது நம்ம தலைக்கு மேல எத்தனை மணிக்கு வருமாம்?" என்கிறார். நான் ஒட்டுக்கேட்கவில்லை. இணைப்புக் கொடுத்ததும் காதை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் மெதுவாக எடுத்தேன், அவ்வளவுதான்.

பக்கத்து நாற்காலி சபீஹா ரேடியோவில் அதன் சத்தத்தைக் கேட்டாளாம். "பீப் பீப்னு கோழிக்குஞ்சு மாதிரி கத்துதுடீ மங்கை!"

போன வெள்ளிக்கிழமை மேலே போனதாம். போவதற்கு வேறு கிழமை கிடைக்கவில்லை.

13 அக்டோபர், ஞாயிறு

ராயபுரம் ரயில்வே யார்டு ஃபோர்மன் ரொசாரியோவின் குரலை இரண்டு வருஷமாகத் தெரியும். சரக்கு ரயில் வாகன் விஷயமாகத் தினம் நாலு தடவை போனில் கத்துவார். முகத்தை இன்றுதான் பார்த்தேன், வீட்டுக்கே வந்துவிட்டார். குரலுக்கு ஆறடி ஆளாக நினைத்திருந்தேன். என் தோளுக்கு வருகிறார்.

மாதா கோயில் வயலின்காரர்கள், ரயில்வே பாண்டு, எல்லாரையும் சேர்த்து இருபத்திரண்டு பேரை வைத்து ஒரு கச்சேரியாம். அந்த உருண்டை மேலே ஏறுவது, உலகத்தைச் சுற்றுவது என்று அவரே இசை எழுதியிருக்கிறார். நடுநடுவே தமிழில் கவிதை வேண்டும். பாடக் கூடாது, பேச வேண்டும்.

"நீதான் ஆண்டு விழாவுல கவித சொன்னியாமே? ஒன் வாய்ஸு எனக்குத் தெரியும்மா. இன்னா கத்து கத்தினாலும் 'ஒரு நிமிஷம் சார்'னு சொல்லுவ பாரு, அந்த வாய்ஸு வேணும்."

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "பொம்பள மேடையில நின்னு பேசறதா?" வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. சரி என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்?

20 அக்டோபர், ஞாயிறு

முதல் ஒத்திகை. ஹால் முழுக்கப் பழைய நாற்காலி வாசனை. உருண்டையின் 'பீப்' சத்தத்துக்கு ரொசாரியோ எங்கெங்கோ தேடி, கடைசியில் ஸ்டேஷனில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை எடுத்து வந்துவிட்டார். அதை அடிக்க போர்ட்டர் ரகுபதி. மனுஷன் வயலின்காரர்களுக்குச் சமமாகத் தலை சீவி, விபூதி இட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ரொசாரியோ தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அதனால் ஒரு ஏற்பாடு. என் கவிதையில் ஒரு வார்த்தையை அவருக்குக் குறித்துக் கொடுக்க வேண்டும். அது காதில் விழுந்ததும் இசை நடத்தும் கோலை இறக்குவார், இருபத்திரண்டு பேரும் தொடங்குவார்கள். 'விண்மீன்' என்று கொடுத்தேன். இங்கிலீஷ் எழுத்தில் எழுதி இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

22 அக்டோபர், செவ்வாய்

அங்கம்மா அண்ணி மீன் கூடையோடு வந்தாள். கவிதையைச் சொல்லிக் காட்டினேன்.

"விண்மீன் நடுவே விளையாட வந்த மண்மகள் பெற்ற மணியே..."

"இன்னாது, விண்மீனா?"

"வானத்துல இருக்குற மீன் அண்ணி. நட்சத்திரம்."

"மானத்துல மீனா? அத்த எவன் வல போட்டுப் புடிக்கிறான்?" என்று சிரித்தாள் பாரு, கூடை சரிந்துவிட்டது. "வெள்ளின்னு சொல்லேன்டி! படிச்சிட்டா பேரு மாறிப்பூடுமா?"

நான் பிறந்த குப்பத்தில் நட்சத்திரம் எல்லாமே வெள்ளிதான். எனக்கும் தெரியும். தெரிந்துதான் போடவில்லை.

அண்ணன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். கீறாரு என்றாள். அவர்கள் இருக்கும் திருவொற்றியூர் குப்பம் என் தொழிற்சாலையிலிருந்து நடக்கிற தூரம். கிருஷ்ணப்பன் அண்ணன் இங்கே வருவது பொங்கலுக்குப் பொங்கல். வந்தால் அம்மாவிடம் பேசுவான். என் பக்கம் சுவரைப் பார்ப்பது போலப் பார்ப்பான்.

4 நவம்பர், திங்கள்

இரண்டாவது உருண்டையையும் விட்டுவிட்டார்கள். இந்தத் தடவை உள்ளே ஒரு நாய். போர்டு முழுக்க நாய்தான்.

திரும்பக் கொண்டுவர வழி இல்லையாம். தெரிந்தே அனுப்பினார்களாம்.

சபீஹா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒரே யோசனைதான். அன்றைக்கு அந்த நாயை யாரோ ஒருவர்தானே எழுப்பியிருப்பார்? தட்டி, பெயர் சொல்லி, எழுந்திரு என்று. அது வாலை ஆட்டியிருக்கும்.

10 நவம்பர், ஞாயிறு

ரொசாரியோ நாய்க்காக மூன்றாவதாக ஒன்று எழுதிவிட்டார். இரண்டு வயலின், ஒரு கிளாரினெட், ரகுபதியின் தண்டவாளம். கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டேன்.

"இதுக்கு நீ எய்தறது கவித இல்லம்மா, லெட்டர்" என்றார் பின்னாலேயே வந்து. "ஊட்டுக்கு வராத ஆளுக்கு லெட்டர்."

என்னால் முடியாது என்றேன். கச்சேரி டிசம்பர் பதினைந்துதான், அதுவரைக்கும் நேரம் இருக்கிறது என்றார். நேரமா எனக்குக் குறை?

17 நவம்பர், ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்.

1943. எனக்குப் பதினொரு வயது. துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. விளக்கு ஏற்றத் தடை. கரையிலும் இருட்டு, கப்பலிலும் இருட்டு. வெள்ளிகள் மட்டும் கொட்டிக் கிடக்கும். அரைத் தூக்கக்காரி நான், அதனால் விடியலில் கடலுக்குப் போக வேண்டிய நைனா என்னிடம்தான் சொல்லிவிட்டுப் படுப்பார்: "விடிவெள்ளி வந்தா எழுப்பு கண்ணு."

விடிவெள்ளிக்கு முன்னால் இன்னொன்று வரும். அதே பளபளப்பு. அதற்கு எங்கள் குப்பத்தில் ஏமாத்து வெள்ளி என்று பெயர். அதை நம்பிக் கிளம்பினால் விடிய வெகு நேரம் இருக்கும்.

நான் நம்பினேன். எழுப்பினேன். நைனா போனார். அன்று அண்ணனுக்குக் காய்ச்சல், அதனால் தனியாகப் போனார். கும்மிருட்டில் விளக்கில்லாத கப்பல் ஒன்று மோதியது. கட்டுமரம் துண்டு துண்டாகக் கரை ஒதுங்கியது. நைனா ஒதுங்கவில்லை. நிஜ விடிவெள்ளிக்குப் போயிருந்தால் வெளிச்சம் வந்திருக்கும், கப்பல்காரன் கண்ணில் பட்டிருப்பார்.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுப்பியதைப் பார்த்தது அண்ணன் ஒருவன்தான். பாயில் படுத்திருந்தான், கண் திறந்திருந்தது. அவனும் யாரிடமும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான், அது போதாதா?

வெள்ளி என்ற வார்த்தையை அதற்குப் பிறகு நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. கிழமையைச் சொல்லாமல் முடியாது, அது கிழமை.

1 டிசம்பர், ஞாயிறு

மூன்றாவது கவிதையை எழுதிக் கொடுத்துவிட்டேன். 'விண்மீன் வழியே விரைந்திட்ட தோழா' என்று ஆரம்பம். எதுகை, மோனை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஒத்திகையில் சொன்னேன். கச்சிதமாக விண்மீனில் கோல் இறங்கியது.

"ரைட்டா கீது" என்றார் ரொசாரியோ. அவருக்குப் பிடிக்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. போனில் பழகிய குரலாயிற்றே.

8 டிசம்பர், ஞாயிறு

மழை. ரகுபதி தண்டவாளத் துண்டில் துரு ஏறிவிட்டது என்று தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறார். சத்தம் மாறவில்லை, ஹால் முழுக்கச் சமையல் வாசனை.

14 டிசம்பர், சனி

நாளைக்குக் குப்பத்திலிருந்து பத்துப் பேர் வருகிறார்களாம், அங்கம்மா அண்ணி சொல்லி அனுப்பினாள். அண்ணன் வர மாட்டான். வராமல் இருந்தாலே நல்லது.

16 டிசம்பர், திங்கள்

லீவு போட்டுவிட்டேன். வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நடந்ததா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

நேற்று சாயங்காலம் ஆறு மணி. ஹால் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் ரயில்வேக்காரர்கள், கவுன் போட்ட அம்மாக்கள். பின்னால் சுவரோரமாகக் குப்பத்து ஜனம். முதல் இரண்டும் நன்றாகவே போயின. ரகுபதியின் 'டிங், டிங்' கேட்டதும் பின்னாலிருந்து யாரோ "ரயிலு வருதுடோய்" என்றார்கள், எல்லாரும் சிரித்தார்கள், ரகுபதி அசையவில்லை.

மூன்றாவதுக்கு நான் எழுந்தேன். ரொசாரியோ கோலைத் தூக்கினார். வாயைத் திறக்கும்போது பின் கதவு திறந்தது. கிருஷ்ணப்பன் அண்ணன். மழையில் நனைந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்தான். பதினாலு வருஷத்துக்கு அப்புறம் நேராக என் முகத்தை.

என் வாயில் வந்தது: "வெள்ளி..."

கோல் இறங்கவில்லை. அந்த வார்த்தை அவர் தாளில் இல்லையே. இரண்டு வயலின்காரர்களும் வில்லைத் தூக்கியபடி, கிளாரினெட்காரர் குழலை வாயில் வைத்தபடி நிற்கிறார்கள். அந்த நிசப்தம்! போர்டில் லைன் திறந்திருந்தும் யாரும் பேசாமல் இருப்பார்களே, அந்த மாதிரி. நான்தான் பேச வேண்டும். எழுதி வைத்தது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

என்ன சொன்னேன்? சுமாராக இதுதான்.

"வெள்ளி வந்தா எழுப்பச் சொன்ன. வந்துச்சி, எழுப்பினேன். அது ஏமாத்து வெள்ளி நைனா. எனக்குத் தெரியல. நீ துண்டை உதறித் தோள்ல போட்டுகினு போயிட்ட. அந்த நாயை எழுப்பினவங்களுக்காவது தெரியும், அது திரும்பாதுன்னு. எனக்குத் தெரியாது நைனா. தெரிஞ்சிருந்தா எழுப்பியிருப்பனா?"

மேடையில், மைக்கில், நான். 'ஒரு நிமிஷம் சார்' குரல் எங்கே போனதோ.

ரொசாரியோ கோலைத் தூக்கியபடியே இடது கையால் ரகுபதிக்கு மட்டும் சைகை காட்டினார். டிங். டிங். அதை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு பேசினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ரொசாரியோ தூக்கிய கையை மற்ற கையால் தாங்கிக்கொண்டதைப் பார்த்ததும்தான் ஐயோ, பாவம் அந்த மனுஷன் என்று நினைவு வந்தது.

"விண்மீன்" என்றேன். அந்த ஒற்றை வார்த்தை.

கோல் இறங்கியது. மானத்துல மீனா என்று யாரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் கைதட்டலுக்கு நிற்காமல் பின்பக்கக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். அண்ணன் வந்து நின்றான். இனி என்ன, திட்டட்டும் என்று நின்றேன்.

"இன்னா மங்க, இத்தினி வர்சமா இத்தையா நெஞ்சில வெச்சிகினு கீற?"

குழாயைத் திருகி மூடினேன்.

"நைனாவுக்கா வெள்ளி தெரியாது? வாசல்ல நின்னு மேல பாத்தாரு. 'கொய்ந்த ஏமாந்துச்சிடா'ன்னு சிரிச்சாரு. எங்கிட்டதான் சொன்னாரு. 'நல்லதாப் போச்சி, ரெண்டாள் துடுப்பு வலிக்கிற மரம், ஒத்த ஆளா வலிச்சா நேரம் புடிக்கும், இப்பவே போறேன்'னு."

சிரித்தாராம். நைனா சிரித்தாராம்.

"ஒத்த ஆளா ஏன் போனாரு, தெரியுமில்ல?" என்றான்.

"உனக்குக் காய்ச்சல்."

"ஜொரமும் இல்ல, மண்ணும் இல்ல. ஆர்பர்ல குண்டு வுய்ந்ததுலேர்ந்து இருட்டுல கடலுக்குப் போவ பயம். ஜொரம்னு பொய் சொன்னேன். அன்னிக்கி நீ எங்கிட்ட வந்து நெத்தில கை வெச்சிப் பாத்த. சில்லுனு இருந்திருக்கும். ஒனக்குத் தெரிஞ்சி போச்சின்னு நெனச்சிகினேன். எந்த மூஞ்சிய வெச்சிகினு ஒன்ன பாக்கறது?"

நெற்றியில் கை வைத்தேனா? எவ்வளவு யோசித்தாலும் அது ஞாபகத்திலேயே இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. பதினாலு வருஷம்! ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? கத்திவிட்டேன். "நீ சொன்னியா?" என்றான். சரிதான், நானும் சொல்லவில்லை. அப்புறம் இரண்டு பேரும் அந்தக் குழாயடியில் நின்று அசிங்கமாக அழுதோம். பத்தொன்பது வயதுப் பையன், தலைக்கு மேல் குண்டு விழுந்தால் பயப்படாமல் என்ன செய்வான் என்று சொல்ல நினைத்தேன். சொன்னேனா என்று தெரியவில்லை. இன்னொரு நாள் சொல்ல வேண்டும்.

17 டிசம்பர், செவ்வாய்

போர்டில் முதல் அழைப்பே ரொசாரியோ. "ஏம்மா, அந்த வார்த்தைய முன்னாடியே குட்த்திருக்கக் கூடாதா? கை வலி உயிர் போவுது!" கத்தி முடித்துவிட்டு லைனிலேயே இருந்தார். "எங்கப்பாவும் திரும்பி வர்ல" என்றார் மெதுவாக. "பர்மாவுலேர்ந்து." அப்புறம் வாகன் கேட்டார்.

25 டிசம்பர், புதன்

அம்மாவிடம் இரண்டு பேருமாகச் சேர்ந்து சொன்னோம். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "சிரிச்சாரா?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டாள்.

8 ஜனவரி 1958, புதன்

மூன்று நாளாகக் காய்ச்சல். முதல் உருண்டை எரிந்து விழுந்துவிட்டதாம், பேப்பரில் போட்டிருக்கிறான். சபீஹா பாவம், தனியாகப் போர்டைப் பார்த்துக்கொள்கிறாள்.

மத்தியானம் அண்ணன் வந்தான். பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. "ஜொரமாமே?" என்று பாய் ஓரம் உட்கார்ந்து, கடல் உப்பில் காய்ந்த கையை என் நெற்றியில் வைத்தான்.

"அம்மா, இவளுக்கு நெசமாவே சுடுது" என்றான்.

சிரிப்பை அடக்க முடியவில்லை, இரண்டு பேருக்கும். அம்மா கஞ்சியோடு வந்து பார்த்தபோதும் அவன் கையை எடுக்கவில்லை.