அப்பாவின் மெஷினுக்குள் போன காற்று

இதை யார் எடுத்தாலும், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்ட வேண்டாம். அம்மா என்றால் வாசித்துவிட்டு எடுத்த இடத்திலேயே வையுங்கோ, என்னிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். வேறு யாராவது என்றால் கிழித்து எரித்துவிடுங்கள். இதில் இருக்கிற பெயர்களைச் சத்தமாக வாசிக்கக்கூட வேண்டாம்.

ஜூன் 9, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. சப்பாத்து காயவில்லை, ஈரத்தோடுதான் பள்ளிக்கூடம் போனேன். தமிழ்ப் பரீட்சை பரவாயில்லை. கட்டுரைக்கு நேரம் போதவில்லை.

அப்பா வேலைக்குப் போகாமல் இன்றோடு ஆறு நாள். கோட்டையில் அந்தப் பெரிய கட்டடத்தின் நிலவறையில் பதினான்கு வருடமாக சில்லர் மெஷின் பார்க்கிறார். முழுக் கட்டடத்துக்கும் ஏ.சி. அதிலிருந்துதான். போன செவ்வாய் தமிழ் ஆட்கள் நாலு பேரிடமும் பாஸை வாங்கிக்கொண்டு, நிலைமை சரிவந்தபிறகு கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து சாரத்தோடு மேசையடியில் இருக்கிறார். பழைய பேப்பரையே வாசிக்கிறார்.

பின்னேரம் கீழே ரெலிபோன் வைத்திருக்கிற கொமினிகேஷன் கடை மணி மாமா படியடியில் நின்று கூப்பிட்டார். "பிள்ளை, அப்பாவுக்குக் கோல். சிங்கள ஆள்."

அம்மா அப்பாவை இறங்க விடவில்லை. ஒழுங்கை முடிவில் காலையிலிருந்து ஒரு வெள்ளை வான் நிற்கிறது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வகை. "அவள் யூனிபோமோடை நிக்கிறாள்தானே. அவள் போகட்டும்."

போனேன். அப்பாவோடு வேலை செய்கிற சுனில் அங்கிள். சிங்களத்தில்தான் கதைப்பார், நான் தமிழில் எழுதுகிறேன். பகல் இரண்டு மணிக்கு மெஷின் ஊளையிட்டதாம். பெரிய மிருகம் ஒன்று மூச்சுத் திணறுகிற மாதிரி, தரையும் அதிர்ந்ததாம். குண்டு என்று நினைத்து ஆட்கள் படிகளால் விழுந்தடித்து ஓடி, ஒரு அக்காவுக்குக் கை முறிவு. என்ன செய்வது என்று கேள் துவே என்றார். துவே என்றால் மகளே.

மேலே ஓடி வந்து சொன்னேன். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "பேர்ஜ் ஓடுதோ எண்டு கேள்."

கீழே. மேலே. முப்பத்திரண்டு படி.

பேர்ஜ் ஓடவில்லை. அப்பாவுக்குப் பதிலாக வந்த புது ஆள் வெள்ளிக்கிழமையே நிற்பாட்டிவிட்டாராம். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததால் பேர்ஜ்தான் பழுது என்று நினைத்திருக்கிறார்.

"காய்ச்சல் காட்டுது எண்டு தேமாமீற்றரை உடைச்சிருக்கிறான்" என்றார் அப்பா. ஆறு நாளில் முதல் தரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பி நின்றார்.

எனக்கு விளங்கினது: இந்த மெஷின் ஓடும்போது உள்ளே இருக்கிற அழுத்தம் வெளியில் இருப்பதைவிடக் குறைவு. அதனால் எங்காவது ஓட்டை இருந்தால் உள்ளே இருக்கிற காஸ் வெளியே வராது, வெளிக்காற்று உள்ளே போகும். காற்று சேர்ந்தால் மெஷின் திணறி ஊளையிடும். போன காற்றைப் பிரித்து வெளியே தள்ளுவதுதான் பேர்ஜ், பக்கத்தில் இருக்கிற சின்ன மெஷின். எத்தனை நிமிடம் தள்ளியது என்று அதில் ஒரு மீற்றர் எண்ணும். அது நிறைய ஓடினால், எங்கேயோ காற்று போகிறது என்று அர்த்தம்.

ஜூன் 10, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். அம்மா கத்தரிக்காய்க் கறி, ஒருவரும் வடிவாகச் சாப்பிடவில்லை.

ஐந்து மணிக்கு சு. அங்கிளின் கோல். பேர்ஜைத் திரும்பப் போட்டதும் ஊளை நின்றுவிட்டது. ஆனால் ஒரு மணித்தியாலத்தில் நாற்பது நிமிடம் தள்ளுகிறது.

"வழமையா ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு நிமிசம்தான் ஓடுறது" என்றார் அப்பா. "எங்கையோ பெரிசாப் போகுது."

சு. அங்கிள் இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். கட்டடத்தின் பாதுகாப்பு அதிகாரி, முன்பு ஆமியில் இருந்தவர், எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்கிறாராம். மெஷினைக் கடைசியாகத் திறந்தது யார்? நாதன் போகும்போது ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்று சொல்கிறாராம். நாதன் என்றது அப்பாவை. சனிக்கிழமைக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தக் கதை முடிந்துவிடும். இல்லாவிட்டால் பொலிசுக்கு எழுதுவார்.

படியேறி வரும்போது இதை அப்பாவுக்கு மட்டும் சொல்வோம் என்று நினைத்தேன். அம்மா கதவடியிலேயே நின்றா, அவவுக்கும் சொல்ல வேண்டியதாயிற்று.

அம்மா: "கொட்டாஞ்சேனைக்குத் தங்கச்சி வீட்டை போயிருங்கோ. ஒரு கிழமைக்கு."

அப்பா: "பொலிஸ் பதிவிலை என்ரை பேர் இந்த வீட்டு விலாசத்திலை கிடக்கு. ஆள் அங்கை எண்டால் அதுக்கொரு கேள்வி வரும். ஓடினவன் எண்டும் சொல்லுவாங்கள்."

அம்மா குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினா. கழுவின பாத்திரங்களையே.

ஜூன் 11, புதன்

பள்ளிக்கூடத்தில் ரீச்சர் அப்பா என்ன வேலை என்று படிவம் நிரப்பக் கொடுத்தா. வெறுமையாக விட்டேன்.

மணி மாமா என்னைக் கண்டதும், "வாங்கோ இஞ்சினியர் அம்மா, உங்கடை ஒஃபிஸ் திறந்துதான் கிடக்கு" என்றார். சிரித்தேன். கோல் வந்ததும் கடையில் நின்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தானும் வாசலில் போய் நின்றார். ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை.

அப்பா ஒரு துண்டில் எழுதித் தந்தது. நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன்.

1. பேர்ஜுக்கும் பெரிய மெஷினுக்கும் இடையில் இருக்கிற வால்வுகள் எல்லாவற்றையும் மூடு.
2. மீற்றரைப் பார். ஒரு மணித்தியாலம் விடு.
3. பேர்ஜ் தள்ளுவதை நிற்பாட்டினால் ஓட்டை பெரிய மெஷினில். தொடர்ந்து தள்ளினால் ஓட்டை பேர்ஜிலேயே.

ஆறரைக்குத் திரும்பக் கோல். வால்வுகளை மூடியும் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

நான் சந்தோசமாக ஓடினேன். பெரிய மெஷினில் ஒன்றுமில்லை, கண்டுபிடித்தாயிற்று, சின்னதில்தான். மூச்சு வாங்கச் சொன்னேன்.

அப்பா பேனாவை மூடினார். திறந்தார். பிறகு கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வலது கையின் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும்.

"டிரையர்" என்றார்.

பேர்ஜிலிருந்து மெஷினுக்குத் திரும்புகிற குழாயில் ஈரத்தைப் பிடிக்கிற ஒரு சின்ன உருளை, அதுதான் டிரையர். போன கிழமை செவ்வாய் காலை, பாஸை வாங்கின அன்று, அப்பா அதை மாற்றிக்கொண்டிருந்தார். புதியதைப் பொருத்தி, நட்டைக் கையால் ஓட்டிவிட்டு, ஸ்பானரை எடுக்கத் திரும்ப, கதவடியில் இரண்டு செக்கியூரிட்டி. உடனே மேலே வரச் சொல்லி. மேலே போனவரைத் திரும்பக் கீழே விடவில்லை. மெஷினடியில் கழற்றி வைத்த சேட்டைக்கூட சு. அங்கிள்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஸ்பானராலை இறுக்கேல்லை" என்றார் அப்பா. அம்மாவைப் பார்க்காமல், என்னைப் பார்க்காமல்.

அப்படியென்றால் திறந்தது அப்பா. விட்டதும் அப்பா.

ஜூன் 12, வியாழன்

கடல் இரைச்சல். ரயில் போனால்தான் அது கேட்காமல் இருக்கிறது.

இன்றைக்கு நான் செய்ததை எழுத வேண்டும்.

அப்பா சொல்லிவிட்டது: "டிரையர் நட்டை ரெண்டு ஸ்பானர் போட்டு இறுக்கச் சொல்லு. ஒண்டாலை குழாயைப் பிடிக்க வேணும், இல்லாட்டி முறுகிப் போகும். அவ்வளவுதான். வேறொண்டும் சொல்லாதை பிள்ளை."

சொன்னேன். சு. அங்கிள் போனை வைக்காமலே ஒரு பையனைக் கீழே அனுப்பினார். நட் கையாலேயே சுற்றினதாம். இறுக்கியாயிற்று.

பிறகு அவர் சிரித்தார். "அப்போ நான்தான் துவே. நாதன் போனபிறகு சாமான்களை எல்லாம் ஒதுக்கி வைத்தது நான். தட்டுப்பட்டுக் கழன்றிருக்கும். லொக் புத்தகத்தில் என் பெயரை எழுதிவிடுகிறேன். திட்டுவார்கள், திட்டட்டும்."

அவர்களின் முறை அப்படி. ஒரு பழுது கண்டுபிடித்தால் என்ன பழுது, ஏன் வந்தது, யாரால் என்று மூன்றையும் அன்றைக்கே புத்தகத்தில் எழுத வேண்டும். அப்பாவே கொண்டுவந்த முறை. பெயர் எழுதாத பழுது திரும்பி வரும் என்பார்.

நான் சரி என்று போனை வைத்திருக்கலாம்.

சு. அங்கிளுக்கு மூன்று பிள்ளைகள். போன வருடம் கலவரமாக இருந்த நாளில் அப்பாவைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி, ஒவ்வொரு செக் பொயின்றிலும் தன் அடையாள அட்டையை முதலில் நீட்டி, வீட்டில் கொண்டுவந்து விட்டவர். அவர் செய்யாததை அவர் தலையில் போட்டுவிட்டு நான் எப்படிப் படியேறுவது? நீங்கள் இல்லை அங்கிள் என்றேன். எல்லாம் சொன்னேன். டிரையர், ஸ்பானர், இரண்டு செக்கியூரிட்டி.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "அப்படியா? அப்போ அது நாதனின் பிழையே இல்லையே" என்றார்.

அப்பாவிடம் நட் இறுக்கியாயிற்று என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 13, வெள்ளி

பேர்ஜ் மீற்றர் நேற்றுப் பின்னேரத்திலிருந்து இன்று பின்னேரம்வரை இரண்டு நிமிடம். பழையபடி. அப்பா அதைக் கேட்டதும் தேத்தண்ணி கேட்டார், சீனி கூடப் போட்டு. அம்மா போட்டுக் கொடுத்தா.

நான் என்னுடையதைக் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

சு. அங்கிள் லொக் புத்தகத்தில் எழுதியதை எனக்குப் போனில் வாசித்துக் காட்டினார். அவ்வளவு சந்தோசம் அவருக்கு. டிரையர் மாற்றும்போது நாதனை நட்டை இறுக்க விடாமல் பாதுகாப்புப் பிரிவினர் கூட்டிச்சென்றதால் காற்று உட்புகுந்தது. காரணம், பாதுகாப்புப் பிரிவு. கீழே தன் கையெழுத்து.

"இனி ஒருவரும் நாதனை ஒன்றும் கேட்க ஏலாது. கேட்டால் அவர்களைத்தான் கேட்க வேண்டும்" என்றார்.

உண்மைதான். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் சு. அங்கிள் அதை நாதனின் சிநேகிதனாக வாசிக்கிறார். அந்த அதிகாரி எப்படி வாசிப்பார்? நாதன் திறந்தான். நாதன் இறுக்கவில்லை. மிச்சம் எல்லாம் தப்பிக்கச் சொல்கிற சாட்டு. அதோடு பிழை அந்த அதிகாரியின் ஆட்கள்மேலேயும் போட்டிருக்கிறது.

அதை அழிக்க முடியுமா அங்கிள் என்று கேட்டேன்.

"பேனையால் எழுதினது துவே. ஏன்?"

ஒன்றுமில்லை அங்கிள் என்று போனை வைத்தேன். 

கணக்குப் பரீட்சை எழுதினேனா என்று ஞாபகமில்லை. எழுதினேன்.

ஜூன் 14, சனி

பகல் முழுக்க மூட்டம். மழை வரவில்லை. மணி மாமா கடையைப் பாதி பூட்டி வைத்திருந்தார்.

நாலு மணிக்குக் கோல். சு. அங்கிள் கட்டடத்திலிருந்து எடுக்கவில்லை, வெளியில் எங்கோ, பஸ் சத்தம். காலையில் அதிகாரி சிவில் உடுப்பில் இரண்டு பேரோடு வந்து லொக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். இவரிடமும் வாக்குமூலம் எடுத்தார்களாம். நாதன் திறந்தானா, ஆம் அல்லது இல்லை மட்டும் சொல் என்றார்களாம்.

"நான் ஆம் என்றேன். மிச்சத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன், எழுதவில்லை." பிறகு, "என்னை மன்னித்துக்கொள் துவே." நானும் அதையேதான் அவரிடம் சொல்ல இருந்தேன். காசு முடிந்து போன் கட்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். பதினேழாவது படியோ என்னவோ. ஏற முடியவில்லை. அப்பாவே தேடி வந்தார், பதினொரு நாளுக்குப் பிறகு வீட்டு வாசலைத் தாண்டி. பக்கத்தில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சுனில் அங்கிள் பழியைத் தன்மேல் போட இருந்ததையும்.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"சுனில் செய்யேல்லைத்தானே" என்றார்.

"இல்லை."

"அப்ப நீ வேறை என்னத்தைச் சொல்லியிருக்க ஏலும்."

எனக்கு அவர் அடித்திருக்கலாம் என்று இருந்தது.

"அம்மாவுக்குச் சொல்லாதை. நான்தான் எழுதச் சொன்னனான் எண்டு நான் சொல்லுறன்." எழும்பும்போது கேட்டார். "இண்டைக்கு மீற்றர் எவ்வளவாம்?"

கேட்க மறந்துவிட்டேன். அதைச் சொன்னதும்தான் அவர் முகம் ஒரு மாதிரிப் போனது.

மேலே வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னார். அம்மா அவரைத் திட்டினா. பதினாறு வருடமாக வாயை வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாத மனுசன், சத்திய கீர்த்தி, அரிச்சந்திரன் என்று. அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் சோற்றுக்கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டி முடித்துவிட்டு அம்மா அவருடைய நீலச் சேட்டை எடுத்து ஸ்திரிக்கை போட்டு மினுக்கினா. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது மணி பதினொன்று இருக்கும். அப்பா சவரம் செய்துவிட்டு அந்த நீலச் சேட்டோடு கதிரையில் இருக்கிறார், படுக்கவில்லை. அம்மாவிடம் காலையில் நானே உண்மையைச் சொல்லப்போகிறேன். அவ அப்பாவைத் திட்டினது உண்மையில் என்னைத்தான் என்று அவவுக்குத் தெரிய வேண்டும். முதலில் சொல்ல வேண்டியது, அம்மா, அப்பா ஒருவரிடமும் எழுதச் சொல்லவில்லை, நான்தான்

கதவு தட்டுகிறார்கள். அப்பா எழும்பிச் சேட்டின் பொத்தானை