உள்ளங்கையளவு போன்

சல்ட்,
மார்ச் 4

என் அன்புள்ள முஹன்னத்துக்கு,

உங்கள் ரிஹாப். இறைவன் உங்களுக்கு நல்ல உடம்பையும், கத்தாத மேனேஜரையும் தரட்டும்.

போன மாதம் நீங்கள் தோஹாவிலிருந்து உங்கள் அத்தை மகன் ஃபவாஸின் லாரியில் கொடுத்தனுப்பிய போன் எவ்வளவு சின்னது! பழையது மேலங்கிப் பையில் செங்கல் மாதிரி தொங்கும். பிரசவம் பார்க்கக் குனிந்தால் பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் இடிக்கும். இது உள்ளங்கைக்குள் அடங்குகிறது. கிளினிக் எண்ணின் சிம்மையும் நாம் பேசும் எண்ணின் சிம்மையும் இதிலேயே போட்டுவிட்டேன். ஒரு கையால் நாடி பிடித்துக்கொண்டே மறுகைக் கட்டைவிரலால் பதில் அடிக்கிறேன்.

அதில் பேசினால்தான் நமக்குள் சண்டையாக முடிகிறது. அதனால் இதைக் காகிதத்தில் எழுதி ஃபவாஸிடமே கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. "மலைமேல யார் வீட்டுல அவ்வளவு நேரம்?" என்று திங்கட்கிழமை கேட்டீர்களே, நான் மலைக்குப் போனதை உங்களிடம் சொல்லவே இல்லையே?

உங்கள் ரிஹாப்


தோஹா,
மார்ச் 19

என் ரிஹாபுக்கு,

நேற்று மக்லூபா செய்தேன். பானையைக் கவிழ்த்தால் பாதிச் சோறு அடியிலேயே ஒட்டிக்கொண்டது. அறையில் இருப்பவர்கள் அதையும் சுரண்டித் தின்றார்கள். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

மலை விஷயம் நீதான் சொன்னாய். வேலை மும்முரத்தில் உனக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை. நான் கூப்பிட்டால் "அப்புறம் பேசுறேன், வலி வந்திருக்கு" என்று வெட்டுகிறாய். எவனோ கூப்பிட்டால் ஓடுகிறாய். மலையில் இருக்கிற அத்தனை ஆம்பிளைகளிடமும் என் மனைவியின் எண் இருக்கிறது. நான் வாங்கிக் கொடுத்த போனில் நானே கடைசி ஆள்.

கோபத்தில் எழுதவில்லை, கண்ணே. தூரத்தில் கிடப்பவன் நினைத்து நினைத்துப் புழுங்காமல் வேறென்ன செய்வான்?

உன் முஹன்னத்


சல்ட்,
ஏப்ரல் 8

முஹன்னத்துக்கு,

வியாழக்கிழமை காலை மலையில் ஒரு தலைப்பிரசவம். நீங்கள் கூப்பிட்டீர்கள். என் இரண்டு கையும் ரத்தமாக இருந்ததால் எடுக்கவில்லை. தாயும் பிள்ளையும் நலமாகப் பிழைத்தார்கள். கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தால் திரை கறுப்பாக இருந்தது. பூட்டப்பட்டது என்று ஒரு வரி. அதன் கீழே உங்கள் எண். எதை அழுத்தினாலும் திறக்கவில்லை.

அதே நேரம் பள்ளத்து வீட்டில் இப்திசாமுக்கு நாள் வருவதற்கு முன்பே வலி கண்டுவிட்டது. அவள் கணவர் துர்க்கி என்னை விடாமல் கூப்பிட்டிருக்கிறார். என் பையில் மணியே அடிக்கவில்லை. பிறகு பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி வந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்திருந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. ஆண் குழந்தை. அழவே இல்லை.

போன் கெட்டுப்போய்விட்டது என்று அவர்களிடம் சொன்னேன். அப்படித்தான் நானும் நம்பினேன். மறுநாள் கடைத்தெருவில் பழுது பார்க்கிறவர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிஸ்டர், இதுல கோளாறு ஒண்ணுமில்ல. வாங்கினவரு எங்கேருந்தோ பூட்டியிருக்காரு, அதான் மணியும் அடிக்கல. நீங்க எங்க போறீங்க, வர்றீங்கன்னும் அவருக்குத் தெரியும்."

நீங்கள்தானா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று போதும்.

ரிஹாப்


தோஹா,
ஏப்ரல் 16

என் உயிர் ரிஹாபுக்கு,

ஆமாம்.

வரைபடத்தில் உன் புள்ளி காலையிலிருந்து ஒரே வீட்டில் நின்றது. கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. கொஞ்ச நேரம் பூட்டி வைத்தால் பதறிக்கொண்டு என்னைக் கூப்பிடுவாய் என்று நினைத்தேன். அதற்குள் மேனேஜர் கட்டடத்தின் உச்சிக்கு ஏறச் சொல்லிவிட்டான். என் போன் கீழே பெட்டியில் இருந்தது. இறங்கி வந்தபோது மாலையாகிவிட்டது.

அந்தக் குழந்தைக்கு இறைவன் எழுதியது அவ்வளவுதான். என்னைப் பாவி ஆக்கிவிடாதே. கெட்டுப்போச்சு என்று சொல்லியிருக்கிறாய் அல்லவா, அதையே சொல். அவர்கள் பெரிய குடும்பம். தெரிந்தால் என் அப்பா பள்ளிவாசலுக்குக்கூடப் போக முடியாது.

உனக்குப் புதுப் போன் வாங்கி அனுப்புகிறேன்.

உன் முஹன்னத்


சல்ட்,
ஏப்ரல் 25

முஹன்னத்துக்கு,

நேற்று துர்க்கி வீட்டுக்குப் போனேன். காபி ஊற்றிக் கொடுத்தார்கள். கேட்டது கிடைக்கும்வரை குடிக்கக் கூடாதே, வாயில் வைக்காமல் கோப்பையைத் தரையில் வைத்தேன். மன்னிப்புக் கேட்க வந்தவள் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"போன் கெட்டுப்போச்சுன்னுதானே சொன்னீங்க?" என்றார் துர்க்கி.

"அன்னிக்கு எனக்கும் அவ்வளவுதான் தெரியும். கெட்டுப்போகல. என் புருஷன் பூட்டியிருக்காரு."

"எதுக்கு?"

சந்தேகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இனி அந்த மலையில் எந்தக் கதவும் எனக்குத் திறக்காது. அவரே புரிந்துகொண்டார். தலை குனிந்தார். வெட்கப்பட வேண்டியவர் அவரில்லை.

உள்ளறைப் படுக்கையிலிருந்து இப்திசாம் சொன்னாள்: "காபியைக் குடிங்க சிஸ்டர். நீங்க நேர்ல வந்து சொல்லிட்டீங்க. அவரு வரட்டும்."

குடித்தேன்.

"உங்க புருஷன் வந்து இந்த இடத்துல உக்காரட்டும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்" என்றார் துர்க்கி வாசல்வரை வந்து. நான் வருவார் என்று சொல்லிவிட்டேன். வந்துவிடுங்கள், முஹன்னத். வேலை போனால் போகட்டும். நீங்கள் வந்து அந்தக் கோப்பையைத் தரையில் வைத்தால், என்னால் இன்னும் உங்களோடு வாழ முடியும் என்று நினைக்கிறேன்.

ரிஹாப்


சல்ட்,
மே 21

முஹன்னத்துக்கு,

கடிதத்தை லாரிப் பக்கத்திலேயே நின்று படித்தீர்களாம். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பதில் இல்ல, லீவு கிடைக்காது" என்றீர்களாம். ஃபவாஸ் என் முகத்தைப் பார்க்காமல்தான் இதைச் சொன்னான். புதுப் போன் ஒன்றையும் நீட்டினான். அதைப் பிரிக்காமல் பழையதோடு சேர்த்து அவனிடமே கொடுத்துவிட்டேன்.

சந்தையில் யாரோ விற்ற போன் ஒன்றை வாங்கியிருக்கிறேன். மறுபடியும் சின்னதுதான். கை அதற்குப் பழகிவிட்டது. கிளினிக் எண் மட்டும் போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை என் அண்ணன் உங்கள் அப்பாவைப் பார்க்க வருகிறார். நாம் பிரிவதைப் பற்றிப் பேசத்தான். பெரியவரை நோகடிக்காமல் பேசச் சொல்லியிருக்கிறேன்.

துர்க்கி இத்தனை நாளும் வேலைக்குப் போகாமல் நீங்கள் வருவீர்கள் என்று வீட்டிலேயே இருந்திருக்கிறார். நீங்கள் வரமாட்டீர்கள் என்பதை இன்று காலை நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ரிஹாப்