அட்டையில் ஒரு வரி

ஜூன் 9, திங்கள்

விடியலிலிருந்து அந்தமான் மழை. எட்டு மணி ஃபெர்ரி எங்கள் பாம்பூஃப்ளாட்டிலேயே இருபது நிமிடம் தாமதம். செருப்பு வார் அறுந்தது. சாத்தம் ஜெட்டியில் ஒற்றைச் செருப்போடு இறங்கும்போது போன். சென்னை நம்பர். அகிலா, பதிப்பகத்து எடிட்டர். சின்னப் பெண், எப்போதும் அவசரம்.

"மேடம், ஓகே ஆயிடுச்சு. உங்க நாவல் வருது. ஜனவரி லிஸ்ட்ல."

ஆபீஸ் போகிற பஸ்ஸை விட்டுவிட்டேன். ஜெட்டி வாசலில் குடைக்குள் நின்று கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை.

எழுதி வைக்கிறேன், மறக்காமல் இருக்க:
– வருடம்: ஒன்பது.
– எழுதிய இடம்: ஃபெர்ரி. போகக் கால் மணி, வரக் கால் மணி. அலை இருந்தால் எழுத்து கோணல்.
– நோட்டு: எட்டு. ஒன்று மழையில் ஊறிப் போனது. அதிலிருந்த நான்கு அத்தியாயங்களை மறுபடி எழுதினேன். முதலில் எழுதியதைவிட நன்றாக வந்தது.
– வேண்டாம் என்றவர்கள்: நான்கு பதிப்பகம். பதிலே போடாதவர்கள் அதற்கு மேல்.
– வீட்டில் அதைப் படித்தவர்கள்: யாரும் இல்லை.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. முதல் நாவல். அதனால் என்ன.

சாயங்காலம் மு.விடம் சொன்னேன். (என் கணவர், கட்டடக் காண்ட்ராக்டர். இப்போது டாலிகஞ்சில் ஒரு வீடு கட்டுகிறார். கால் நிறைய சிமெண்ட்.)

"புத்தகமா? நீயா? என்னா கதை?"

"காதல் கதைங்க. ஒரு ஆள் காணாமப் போறது."

"காதலா!" சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "குடு, நானும் படிக்கேன்" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் பேப்பர் தவிர எதையும் கையில் எடுத்ததில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. ஷாதிபூர் ஜெராக்ஸ் கடையில் மு.வுக்கு ஒரு பிரதி எடுத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். பையில் கனத்தது. சந்தோஷமான கனம்.

மத்தியானம் ஆபீஸில் சாப்பிடும்போது பக்கத்து சீட் ஷிப்ரா தீதிக்கு இந்தியில் கதை சொன்னேன். புஷ்பம், நாற்பத்தொரு வயது, ஃபெர்ரியில் டிக்கெட் சரிபார்ப்பவள். அவள் மனதுக்குப் பிடித்த ஒருவன் சாத்தத்தில் ஏறுகிறான். டிக்கெட்டை அவளே கிழித்துக் கொடுக்கிறாள். பாம்பூஃப்ளாட்டில் அவன் இறங்கவில்லை. நடுவில் கால் மணி நேரத் தண்ணீர்தான். அவன் எப்படி மறைந்தான் என்பது மர்மம். கண்டுபிடித்த பிறகும் அவனை மனதிலிருந்து ஏன் இறக்கவில்லை என்பது காதல்.

தீதி ரொட்டியைக் கீழே வைத்தார். கண்ணைச் சிமிட்டினார். "யே தோ தேரீ ஹீ கஹானி ஹை நா? சச் போல்." என் சொந்தக் கதைதானாம், உண்மையைச் சொல்ல வேண்டுமாம்.

"நஹீ தீதி. சப் பனாயா." எல்லாம் நானே உண்டாக்கியது.

"ஜூட்டி!" பொய்க்காரியாம். இவ்வளவையும் ஒருத்தி சும்மா உட்கார்ந்து உண்டாக்க முடியுமா என்கிறார்.

சும்மா முடியாது. ஒன்பது வருடம் பிடிக்கும்.

ஜூன் 12, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். துணி எதுவும் காயவில்லை.

மு. மூன்று நாளாகப் படிக்கிறார். செவ்வாய்க்கிழமை வாய்விட்டுப் படித்தார். நேற்று உதடு மட்டும் அசைந்தது. இன்று அதுவும் இல்லை. மீன் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன். அதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

"யாரு அந்த ஆளு?"

"எந்த ஆளுங்க?"

"கதையில வர்றவன். யாரு?"

"அப்படி யாரும் இல்லீங்க."

"ஆளு இல்லாம எப்படி இம்புட்டு எழுதுவ? அவன் சிரிச்சா எப்படி இருக்கும், கம்பியப் பிடிச்சுக்கிட்டு எப்படி நிப்பான், எல்லாம் இருக்கு. பார்க்காமலா எழுதுன?"

பார்த்ததுதான். நூறு பேரைப் பார்த்தேன். அதைச் சொன்னேன். கேட்கவில்லை. ஜெராக்ஸ் கட்டை அலமாரி மேல் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். முகம் சுவர்ப் பக்கம்.

கச்சால் தீவிலிருந்து அம்மா போன் செய்தாள். ரப்பர் தோட்டத்தில் மழையால் மூன்று நாளாகப் பால் வெட்டு இல்லையாம். புத்தகம் வரப்போவதைச் சொன்னேன். "ஏம்புள்ள, மாப்புள கோவிக்கலயா?" முதல் கேள்வியே அதுதான். போனை வைத்துவிட்டேன். மறுபடி எடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

அகிலா அட்டைப் படம் அனுப்பினாள். நீலத்தில் ஒரு ஃபெர்ரி, வெறும் பெஞ்சு. அழகு. நாவல் பெயர் "இறங்காதவன்", கீழே என் பெயர். அதற்கும் கீழே, சிவப்பில்: "அந்தமானில் நடந்த உண்மைக் கதை."

ஆபீஸ் மாடிப்படியில் நின்று போன் செய்தேன்.

"அகிலா, அந்த வரி தப்பு. எடுத்துடுங்க."

"எங்க ஓனர் சார் போடச் சொன்னது மேடம். உண்மைக் கதைன்னா கடையில உடனே கையில எடுக்குறாங்க."

"நடக்கவே இல்லையேம்மா."

"கொஞ்சம்கூடவா? உங்க லைஃப்ல யாராவது..."

"ஃபெர்ரி உண்மை. மழை உண்மை. மிச்சமெல்லாம் நான் எழுதுனது."

பிறகு சொன்னாள், பாவம், அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. வரி இல்லை என்றால் ஜனவரி லிஸ்டில் இடம் சந்தேகமாம். சார் அப்படித்தானாம். "திங்கட்கிழமை சொல்லுங்க மேடம். ஒரு வரிதானே."

ஒரு வரிதான்.

ஜூன் 15, ஞாயிறு

பெரிய மழை. மு. வேலை இல்லாத நாளிலும் டாலிகஞ்ச் போய்விட்டார். சாப்பிட வரவில்லை.

துவைத்தது, மடித்தது, கருவாட்டு டப்பாவில் பூச்சி பார்த்தது. இடையிடையே அந்த ஒரு வரி.

விட்டுக்கொடுத்தால் என்ன? புத்தகம் வரும். யாருக்குத் தெரியும்? வீட்டில் நடப்பதை நினைத்தால் தலை சுற்றுகிறது, ஆனால் அது தனி விஷயம். அவர் ஒருவர் கோபித்துக்கொள்ளாவிட்டாலும் இந்த வரி எனக்கு வேண்டாம். ஏன் என்று எனக்கே தெளிவாக வேண்டும். எழுதிப் பார்க்கிறேன்.

தீதி, மு., அம்மா, சென்னையில் முகம் தெரியாத அந்த சார். நான்கு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். உனக்கு நடந்திருந்தால்தான் உனக்குத் தெரியும். நடந்தது என்று சொன்னால் "ஐயோ பாவம்" என்பார்கள். நானே உண்டாக்கினேன் என்றால் எழுத்தாளர் என்று சொல்ல வேண்டிவரும். அந்த வார்த்தை அவர்கள் வாயில் வரமாட்டேன் என்கிறது.

வரட்டும். வரும்வரை நான் நகரப் போவதில்லை.

ஜூன் 16, திங்கள்

மேகம். கடல் கலங்கல்.

மு. இன்று என்னோடு எட்டு மணி ஃபெர்ரியில் வந்தார். சைட்டுக்கு ஆறரைக்கே போகிறவர். என் பக்கத்தில் உட்காராமல் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து ஏறுகிற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பள்ளிக்கூட மாஸ்டர், மீன்காரர், பேங்க் கேஷியர், ஃபெர்ரிக் கயிறு கட்டுகிறவர். எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு கோபம். எழுந்து போய் அவர் எதிரில் நின்றேன்.

"யாருன்னு தெரியணும், அவ்வளவுதானே? கேட்டுக்குங்க. சிரிப்பு அந்த கேஷியரோடது. அவருக்கு என் பேரே தெரியாது. நிக்கிற நிலை, கயிறு கட்டுறாரே அவரோடது. குரல் எங்க சித்தப்பாவோடது, அவரு செத்து பத்து வருசமாச்சு. கை மட்டும் உங்களோடது."

தன் கையைப் பார்த்தார். நகத்தில் சுண்ணாம்பு. சாத்தம் வந்துவிட்டது. எல்லாரும் எழுந்தபோது கேட்டார்:

"என் கைதான்னா, அப்புறம் அவன் ஏன் விட்டுட்டுப் போறான்?"

இறங்கிவிட்டேன்.

பதினோரு மணிக்கு அகிலாவுக்குச் சொன்னேன். அந்த வரி வேண்டாம், அதனால் புத்தகம் வராது என்றால் வரவேண்டாம். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. தீதி தண்ணீர் கொடுத்தார்.

சாயங்காலம் மு.விடமும் சொன்னேன்.

"எனக்காகவா வேண்டாம்னுட்ட?"

"இல்லீங்க. உங்களுக்காக இல்ல."

அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அலமாரி மேலிருந்து ஜெராக்ஸ் கட்டை எடுத்தார்.

ஜூன் 20, வெள்ளி

சென்னையிலிருந்து சத்தமே இல்லை. வேறு மூன்று பதிப்பகங்களின் முகவரி எழுதிவைத்தேன். மறுபடி முதலிலிருந்து. ஃபெர்ரியில் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்சம் அழுதேன். பக்கத்திலிருந்த ஒரு அம்மாள் வாந்தி என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

மாலை மு. ஜெராக்ஸ் தாளோடு அடுப்படிக்கு வந்தார். பென்சிலால் ஒரு பக்கம் முழுக்க வட்டம்.

"இது தப்பு."

"எது?"

"ஃபெர்ரியில ஏத்துன சிமெண்ட் லாரியில தார்ப்பாய்க்கு அடியில படுத்துக்கிட்டு வெளிய போறான்னு எழுதியிருக்க. மழைக்காலத்துல சிமெண்டு லோடு எப்படிக் கட்டுவாங்கன்னு தெரியுமா? மூட்டைக்கு மேல தார்ப்பாய இறுக்கி, நாலு பக்கமும் கயிறு போட்டுருவான். உள்ள எலிகூடப் புரள முடியாது. ஆளு எப்படிப் படுப்பான்?"

கரண்டியை வைத்தேன். சரிதான். மூன்று தடவை எழுதியும் கண்ணில் படவில்லை.

"தண்ணி டேங்க்" என்றார். "கறுப்பு பிளாஸ்டிக் டேங்க். மூணு நாலு ஏத்திக்கிட்டு தினம் ஒரு லாரியாவது போகுது. உள்ள உக்காந்து மூடியப் போட்டா ஒரு பயலுக்கும் தெரியாது."

எனக்கு எரிச்சல். இந்த மனிதருக்கு மூன்று நிமிடத்தில் தோன்றியது எனக்குத் தோன்றவில்லையே. ஆனால் நல்ல யோசனை. டேங்குக்குள் குரல் எப்படிக் கேட்கும், புஷ்பம் இரண்டடி தூரத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்... அப்போதே அத்தியாயம் தெரிந்துவிட்டது.

மு. போகாமல் நின்றார். தாளை மடித்தார், பிரித்தார்.

"நெசமா நடந்திருந்தா இந்தத் தப்பு வந்திருக்காதுல்ல" என்றார், என்னைப் பார்க்காமல்.

"வந்திருக்காது."

"ம்." குழம்பை எட்டிப் பார்த்தார். "உப்பு போட்டியா?"

ஜூலை 3, வியாழன்

அகிலா போன். சாரிடம் மூன்று தடவை சண்டை போட்டாளாம். வரி எடுத்தாயிற்று. ஜனவரி இடம் போனது போனதுதான், வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏப்ரலில் வரும். அட்டையில் "நாவல்" என்று மட்டும் இருக்கும்.

ஏப்ரல். நான் எங்கே போகப் போகிறேன். டேங்க் அத்தியாயம் அனுப்பினேன். "மேடம், உடம்பு சிலிர்த்துடுச்சு" என்று பதில்.

ஜூலை 5, சனி

வெயில்! மூன்று வாரத்தில் முதல் தடவை. எல்லாப் போர்வையும் மாடியில்.

மு.வோடு டாலிகஞ்ச் போனேன், கட்டுகிற வீட்டுக்குக் குளியலறை ஓடு பார்க்க. ஹார்டுவேர் கடைக்காரர் மதுரைப் பக்கத்து ஆள். என்னைப் பார்த்ததும் அவரிடம், "என்னண்ணே, வீட்டம்மா காதல் கதை எழுதியிருக்காகளாம்ல. சொந்தக் கதையா?" என்று ஒரு சிரிப்பு.

நான் வாயைத் திறப்பதற்குள் மு. சொன்னார்: "சொந்தக் கதையெல்லாம் இல்லப்பா. மொத்தமும் அவ கட்டுனது. நீயும் நானும் கட்ட முடியாது."

கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். என்ன கதை என்று கேட்டார். மு. கல்லா மேல் சாய்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தார். டிக்கெட் கிழித்தது, ஃபெர்ரி கிளம்பியது, எல்லாம் கையை ஆட்டி ஆட்டி. ஓடு வாங்க வந்த ஒரு தெலுங்கு அம்மாளும் நின்று கேட்டார்.

"அப்புறம்? அந்த ஆளு எங்கதான் போனான்?" என்றார் கடைக்காரர்.

மு.வின் கண் கடை வாசலுக்குப் போனது. அங்கே கறுப்பு டேங்குகள் வரிசையாக.

"புத்தகம் வர்றதுக்குள்ள வாயத் தொறந்து பாருங்க" என்றேன்.

மூடிக்கொண்டார்.