சாவடிப் பதிவேடு

அன்புள்ள மகளுக்கு,

நீ கேட்ட கூடாரத்தை அனுப்பியிருக்கிறேன். முளைகள் பன்னிரண்டும் இருக்கின்றன. எண்ணித் திருப்பித் தரவும்.

உன் மகளோடு காரில் போய் அதே மலையில் ஏறப்போகிறாயாம். அப்பா இறந்த வருடம், உன் பதினைந்தாவது வயதில், நாம் இருவரும் போன மலை. பாதி வழியில் நீ பாறையில் உட்கார்ந்துகொண்டு, "அப்பாவுக்குப் பதிலா நீ போயிருக்கலாம்மா" என்றாய். உன்னை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

அடிவாரச் சாவடியில், இறங்கி வந்தவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். "பொண்ணு எங்கம்மா?" என்றார் காவலாளி.

"கார்ல இருக்கா. கோபம்."

"என் வீட்லயும் ஒரு மகாராணி இருக்காம்மா" என்று சிரித்தார்.

பெண்ணை மலையில் விட்டு வந்தவள் என்று அவர் நினைத்துவிடக் கூடாது. கான்வென்டில் பரிசு வாங்கிய என் கையெழுத்தைக் கோணலாக்கி, உன் பெயருக்கு எதிரேயும் போட்டேன். பின்னாலேயே வந்துவிடுவாய் என்று காரில் காத்திருந்தேன்.

தேட முடியாதபடி இருட்டிய பிறகுதான் போய்ச் சொன்னேன். மறுநாள் காலை, கணுக்கால் முறிந்து கிடந்த உன்னைத் தூக்கி வந்தார்கள். அதிகாரி விசாரித்தபோது, "இந்தம்மாதான் பொண்ணு கார்ல இருக்கான்னாங்க" என்றார் காவலாளி. "பொய்" என்றேன். உன் கையெழுத்தை அவரே போட்டுவிட்டார் என்று அவருக்கு வேலை போயிற்று.

இன்றும் படியேறும்போதெல்லாம் நீ அந்த மனிதரைச் சபிக்கிறாய். நானோ, "நேரா நட" என்று உன்னைத் திருத்துகிறேன்.

உன் மகள் என்ன சொன்னாலும் அவளை விட்டு இறங்கிவிடாதே. பதிவேட்டில் அவளே கையெழுத்திடட்டும்.

இதைப் படித்த பிறகு, கூடாரத்தைத் திருப்பித் தர நீ வருவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உன் அம்மா