ஏஜென்ட் வழியா, நேரிலேயா

மார்ச் 3, செவ்வாய்

ஓனர் இன்று மாடியேறி வந்தார். வாடகை வாங்க வருகிறவர் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். இன்று உள்ளே வந்து உட்கார்ந்தார். வீட்டை விற்கப்போகிறாராம். வெளியாள் ஒருவர் கேட்கிறாராம். ஆனாலும் முதல் வாய்ப்பு எங்களுக்குத்தானாம். மாதக் கடைசிக்குள் பேங்கில் கடன் உறுதியாகிவிட்டதென்று காட்டினால் வீடு எங்களுக்கு. இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும்.

என் கணவரின் அம்மா, அத்தை, சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதி அவர் பார்வையை முழுசாகக் கொண்டுபோய்விட்டது. ஆனால் இந்த வீட்டுக்குள் கைத்தடி இல்லாமல் நடப்பார். பார்வை மங்க மங்கப் பழகிக்கொண்ட வீடு. எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அவர் கைக்குத் தெரியும். வேறு வீட்டில் அவர் என்ன செய்வார்?

மார்ச் 5, வியாழன்

இவருக்கு ஏசி ரிப்பேர் வேலை. வெயில் காலத்தில் சாப்பிட நேரம் இருக்காது. மழைக் காலத்தில் சாப்பிடுவதைத் தவிர வேலை இருக்காது. சம்பளச் சீட்டு என்று ஒன்று கிடையாது. அதனால் லோன் ஏஜென்டிடம் போகலாம் என்கிறார். எந்த பேங்க் எப்படிப்பட்ட ஆளுக்குக் கொடுக்கும் என்று அந்த ஆளுக்குத்தான் தெரியுமாம். உண்மைக் காரணம் வேறு. மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தால் போதும், இவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எனக்கோ ஏஜென்ட் என்றாலே பயம். திரைச்சீலைக் கடையில் என் பக்கத்து மெஷினில் தைக்கும் அக்கா, ஏஜென்ட் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்றுவரை அழுகிறார். என் சம்பளம் விழுகிற பேங்கிலேயே நேரில் கேட்கலாம் என்றேன். "அவங்க முடியாதுன்னு சொல்லிட்டா? அப்புறம் எங்க போய் நிக்கிறது?" என்றார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடிவெடுப்பது என்று பேச்சு.

மார்ச் 8, ஞாயிறு

முடிவெடுக்கவில்லை. யார் வீட்டிலோ ஏசி ஒழுகுகிறதென்று கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

மார்ச் 11, புதன்

செய்துவிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் பேங்குக்குப் போய் என் பெயரில் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். இவர் வருமானத்தையும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி எழுதினேன். இவரிடம் சொல்லவில்லை. கடன் கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் ஏஜென்ட் இருக்கவே இருக்கிறார். நடுவில் இவரையும் ஏன் பயத்தில் வேகவைக்க வேண்டும்? — சரியாகத்தான் செய்திருக்கிறேனா?

யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. அத்தையிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான், "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தை" என்றேன். "சரிம்மா, சொல்லல" என்றார். பிறகு மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தார்.

மார்ச் 16, திங்கள்

பேங்கிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கடையில் யார் ஃபோன் அடித்தாலும் மெஷினை நிறுத்திவிடுகிறேன். ஒரு திரைக்கு நல்ல பக்கத்தை உள்ளே வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன். இவரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் வெயில் என்கிறார்.

மார்ச் 19, வியாழன்

ஒழுங்கா எழுத வரல.

பேங்க்லேர்ந்து கூப்பிட்டாங்க. கணவரோட வரணும்னாங்க. இனிமே மறைக்க முடியாதுன்னு இவருக்கு ஃபோன் பண்ணினா — இவரையும் கூப்பிட்டிருக்காங்க. இவரும் எனக்குத் தெரியாம ஏஜென்ட்கிட்ட போயிருக்கார். அந்த ஆள் கொண்டுபோய்க் கொடுத்ததும் அதே பேங்க். ஒரே வீடு, ஒரே குடும்பம், ரெண்டு விண்ணப்பம். இவர் வருமானத்தை நான் எழுதினதுக்கு ரெண்டு மடங்கா ஏஜென்ட் எழுதி வச்சிருக்கான். பாவி.

அதிகாரி இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது உண்மை என்று கேட்டார். இவர்தான் வாயைத் திறந்தார். "அவ எழுதினதுதான் உண்மை சார். இன்னொண்ணுல வருமானம் எழுதாமலே கையெழுத்து வாங்கினாங்க. நானும் போட்டுட்டேன்."

அதிகாரி திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். விசாரணை முடியும்வரை இரண்டுமே நிறுத்தம், புதிதாகவும் கொடுக்க முடியாது, மாதக் கடைசிக்குள் நடக்கவே நடக்காது என்று அமைதியாகச் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் நின்றோம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க யாருக்கு முகம் இருக்கிறது?

மார்ச் 20, வெள்ளி

அத்தையிடம் நடந்ததைச் சொன்னோம். இரண்டும் அவருக்கு முன்பே தெரியும். நான் சொல்வதற்கு முதல் நாளே இவரும் அம்மாவிடம் சொல்லி, என்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"ரெண்டு பேரும் சொல்லாதேன்னு வாக்கு வாங்கிட்டீங்க. நான் யாருக்கு வாக்குத் தவறுறது?" என்றார் அத்தை. "ரெண்டு பக்கமும் கேட்டா ஒரு பக்கமாவது கிடைக்கும்னு நினைச்சேன்மா. பேங்க் விஷயம் எனக்கு என்ன தெரியும்?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வீடு போனால் தனக்கு என்ன ஆகும் என்று அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 30, திங்கள்

ஓனரிடம் கெஞ்சிப் பார்த்தோம். வெளியாள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம்.

ஏப்ரல் 26, ஞாயிறு

புது வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். விசாரணை முடிந்தது, எங்கள் பெயருக்குக் கெடுதல் இல்லை, ஆனால் உடனே வேறு கடன் கேட்க முடியாது. அத்தைக்கு நெற்றியில் ஒரு வீக்கம், முழங்காலில் ஒரு சிராய்ப்பு. அவர் எழுந்தாலே என் கண் அவர் பின்னாலேயே போகிறது.

சாயங்காலம் கூடத்துக்கு நடுவில் நின்று, குளியலறை எந்தப் பக்கம் என்று கேட்டார். பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த நான் இடது பக்கம் என்றேன். எதிரே கட்டிலுக்குக் கால் மாட்டிக்கொண்டிருந்த இவர் அதே நேரத்தில் வலது பக்கம் என்றார். அவரவர் நின்ற இடத்துக்கு இரண்டும் சரிதான். அத்தை நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டார்.

"முதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி ஒண்ணைச் சொல்லுங்க" என்றார். "அப்புறம் நடக்கிறேன்."